வெளிக்கதவுக்குக் கீலும் பூட்டும்: இதுவரை முடிந்தது

கதவு தேக்கு, 40 மி.மீ. கனம். 4 அங்குல எஃகுக் கீல் மூன்று, மார்ட்டைஸ் பூட்டு (கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே புதைக்கும் பூட்டு) ஒன்று. கீல் முடிந்தது, பூட்டும் உட்கார்ந்துவிட்டது. ரப்பர் பட்டை ஒட்டுவதும், பூட்டின் நாக்கு விழும் ஸ்ட்ரைக் பிளேட்டை நிலையில் அடிப்பதும் மட்டும் பாக்கி.

மேலேயும் பக்கங்களிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டு, கதவை ஆப்பு வைத்து நிலைக்குள் நிறுத்தி, கதவிலும் நிலையிலும் ஒரே சமயத்தில் கீலுக்குக் குறி போட்டேன். மேல் கீல் உச்சியிலிருந்து 150 மி.மீ., கீழ்க் கீல் அடியிலிருந்து 225. மூன்றாவது நடுவுக்குச் சற்று மேலே. கதவின் எடை இழுப்பது மேல் கீலைத்தான்.

வேலையின் உயிர் கீல் பள்ளத்தின் ஆழத்தில் இருக்கிறது. பென்சில் கோடு போதாது. கீலையே மரத்தில் வைத்துக் கத்தியால் கீற வேண்டும்; உளி அந்தக் கீறலில் தானாக உட்காரும். கீலின் பட்டை 3 மி.மீ. என்றால் பள்ளமும் 3 மி.மீ. ஆழம் கூடினால் கீல் பக்கம் கதவு நிலையில் முட்டி, கையை எடுத்ததும் எகிறித் திறக்கும். அப்போது பட்டைக்கு அடியில் கெட்டி அட்டை வைத்தால் சரியாகும். ஆழம் குறைந்தால் பூட்டுப் பக்கம் உரசும். உடனே இழைப்புளியை எடுக்காமல் முதலில் கீலைப் பாருங்கள். ஸ்க்ரூ தலை துருத்திக்கொண்டிருந்தாலும் கதவு எகிறும். பட்டைக்கு ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டுத் தொங்கவிட்டு, ஓட்டம் பார்த்த பிறகே மற்றவை.

பூட்டின் பெட்டி 15 மி.மீ. கனம், துளை 16. இருபுறமும் 12 மி.மீ. மரம்தான் மிஞ்சும் என்பதால் டிரில் சாயவே கூடாது. நடுக்கோட்டில் வரிசையாகத் துளையிட்டு, மிச்சத்தை உளியால் எடுத்தேன். பெட்டி கையால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். கொட்டாப்புளியால் அடித்து இறக்கினால் பெட்டி நசுங்கி நாக்கு இறுகும். சாவித்துளையைப் பூட்டை வெளியே எடுத்துவிட்டு, இருபுறமிருந்தும் போட்டால் முகப்பு சிம்பு தெறிக்காது.

வெட்டிய இடமெல்லாம் வெறும் மரம், மழைநீரை உறிஞ்சும். பள்ளங்களுக்கும் கதவின் அடி விளிம்புக்கும் வார்னிஷ் கொடுத்தாயிற்று.

அடுத்து, ரப்பர் பட்டையை முதலில் ஒட்ட வேண்டும். அது கதவை 1, 2 மி.மீ. தள்ளும் என்பதால், ஸ்ட்ரைக் பிளேட்டை அதற்கு முன் குறித்தால் நாக்கு விழாது. நாக்கின் முனையில் சாக்பீஸ் தேய்த்து, கதவை மூடிச் சாவியைத் திருப்பினால் நிலையில் அச்சு விழும். நாக்கு 20 மி.மீ. நீளுவதால் துளை 23 ஆழம். குறைந்தால் நாக்கு பாதியில் நின்று, சாவி முழுச் சுற்றும் வராது.