கதவைச் சாத்திவிட்டு இறங்குபவர்கள்

மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில், கிரையோ என்ஜின் (கடுங்குளிர் திரவங்களில் இயங்கும் ராக்கெட் என்ஜின்) சோதனைக்குத் திரவ ஆக்சிஜன் நிரப்பும் பிரிவில் வேலை பார்த்தேன். தலை எண்ணி, எல்லோரும் வெளியேறியது உறுதியான பிறகுதான் வால்வைத் திறப்போம். மைனஸ் 183 டிகிரி திரவம் சாதாரண வெப்பத்தில் இருக்கும் குழாய்க்குள் பாயும்போது உலோகம் சுருங்கும், இணைப்புகள் கசியப் பார்க்கும், அழுத்தம் ஏறி இறங்கும். நிறைந்து அடங்கிய தொட்டியைவிட நிறைந்துகொண்டிருக்கும் தொட்டிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அதனால், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் விண்வெளி வீரர்களை உட்கார வைத்துவிட்டு, புறப்பட 35 நிமிடம் இருக்கும்போதுதான் நிரப்பவே தொடங்குகிறார்கள் என்று கேட்டதும் மனம் ஒப்பவில்லை. வழக்கத்தைவிடக் குளிரவைத்த ஆக்சிஜன், சூடேறுவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்பது அவர்கள் காரணம். 2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவெரலில் அதே ரக ராக்கெட் நிரப்பும்போதே வெடித்தது. ஆக்சிஜன் தொட்டிக்குள் இருந்த ஹீலியம் உருளையில், உலோக உறைக்கும் கார்பன் இழைச் சுற்றுக்கும் நடுவே ஆக்சிஜன் சிக்கியதுதான் காரணம் என்றார்கள். நல்ல வேளை, அதில் ஆளில்லை.

சரி, பழைய முறை மட்டும் பாதுகாப்பானதா? நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தில் முதலில் நிரப்பினார்கள், சில மணி நேரம் கழித்து வீரர்கள் ஏறினார்கள். ஆனால் கொதித்து ஆவியாகிப் போவதை ஈடுகட்ட, புறப்படும் நேரம் நெருங்கும்வரை ஆக்சிஜனை ஊற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். வீரர்களுக்கு வார் கட்டிவிடப் போன ஊழியர்கள் அந்த நிறைந்த தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். விபத்து என்றால் கோபுரத்தில் ஓடி, கம்பியில் சறுக்கும் கூடையில் ஏறித் தப்ப வேண்டும். ஃபால்கனில் ஊழியர்கள் போன பிறகுதான் நிரப்புகிறார்கள். நிரப்பத் தொடங்கும் முன்பே, வீரர்கள் இருக்கும் கலத்தை ராக்கெட்டிலிருந்து பிரித்துத் தூக்கிச் செல்லும் தப்பிக்கும் என்ஜின்களைத் தயார் நிலையில் வைத்துவிடுகிறார்கள். இந்த ஒன்றுக்காகவே அந்த முறையை இப்போது மதிக்கிறேன்.

தப்பிக்கும் மோட்டாரும் தானாக வேலை செய்துவிடாது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் ஏவுதளமான பைக்கானூரில் சோயுஸ் ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பிடித்தது, கம்பிகள் கருகிவிட்டன. உள்ளே இருந்த டிடோவ், ஸ்ட்ரெகாலோவ் இருவராலும் தப்பிக்கும் மோட்டாரை இயக்க முடியாது. தரையிலிருந்து ரேடியோ வழியே ஆணை போன பிறகே விண்கலம் பிய்த்துக்கொண்டு பறந்தது. அடுத்த சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது, இருவரும் பிழைத்தார்கள்.

இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு வழிவகுக்கும் வகையில் 2018 ஜூலை 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்திலிருந்தே தப்பிக்கும் சோதனை நடந்தபோது பெருமையாக இருந்தது. வீரர்களுக்கு மோட்டார் இருக்கிறது. அப்புறம், கதவைச் சாத்திவிட்டு இறங்கும் நம் ஆட்களுக்கும் அதே அக்கறையோடு வழி அமைத்து, அதையும் ஆளை வைத்துத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டும்.