எம்ஜிபிக்குத் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்கடுக்கான பட்டை வில்) இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சும்தான். ஒவ்வொரு பின் சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை அதற்குப் பதிலாக மாட்டலாம். பழையதைக் கழற்றும் முன் எல்டிஏவிடம் (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நம்மூர் ஈரத்தில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு பிஸ்கட்டாய் நொறுங்கும்.

பலர் கோட்டை விடுவது ரப்பர் புஷ்ஷில், அதாவது இணைப்புப் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறையில். ஜாக்கில் தொங்கும்போதே விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கை) போல்ட்டை முழுக்க இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் பட்டு எடை முழுதும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ் என்றால் இந்தத் தொல்லை இல்லை, கிரீஸ் வறண்டால் கீச்சிடும், அவ்வளவுதான்.

சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, டிரைவ்ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பிடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். அலைன்மென்ட்டில் பின் சக்கரங்களின் முன்பக்கம் துளி உள்நோக்கி இருக்கட்டும். வெளிநோக்கி இருந்தால் மழையில் பிஐஇ விரைவுச்சாலை வளைவில் வண்டியின் வால் ஆடும்.