சறுக்கு சுடுது

"தாத்தா, சுடுது!"

பேத்தி ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டாள். யாங்கோன் பங்குனி வெயில். தெருமுனைப் பூங்காவில் புதுசாக வைத்த பிளாஸ்டிக் சறுக்கு, அடியில் கறுப்பு ரப்பர் தரை. கை வைத்தால் தோசைக்கல்.

நிழல் தந்த தூங்குமூஞ்சி மரத்தையும் வெட்டிவிட்டார்கள்.

ஏறு, சறுக்கு, மறுபடி ஏறு. அவ்வளவுதான். தோண்ட மண்ணில்லை, அள்ளத் தண்ணீரில்லை, பிள்ளை தானாக எதையும் செய்துபார்க்க வழியில்லை.

1943இல், டென்மார்க் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோதே, கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ரூப்பில் சோரென்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளரின் யோசனைப்படி ஓர் இடம் திறந்தார்கள். பழைய பலகை, செங்கல், சுத்தியல். பிள்ளைகளே கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள்.

அடிபடாமல் பார்க்கணும், சரி. அதற்காக விளையாட்டையே எடுத்துவிடுவதா?

ஒரு மணல்குழி, ஒரு குழாய், இரண்டு வேப்பங்கன்று. வார்டுக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் கூட வாருங்கள்.