லாரி வாடகை

1998-இல் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். பேரேட்டில் சாயத்துக்கு ஒரு தலைப்பு, உப்புக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று. தண்ணீருக்கு மட்டும் தலைப்பே இல்லை. எங்கே எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டேன். "லாரி வாடகைல போட்டிருங்க" என்றார். யோசித்தால் அது சரிதான். ஒரு லோடுக்கு, அதாவது 12,000 லிட்டருக்கு, நாங்கள் கொடுத்ததில் பெரும்பங்கு டீசலுக்கும் டிரைவருக்கும்தான். மிஞ்சியதுதான் தண்ணீரை விற்ற கிணற்றுக்காரருக்கு.

அந்தக் கிணற்றுக்காரர்களில் ஒருவர் அவிநாசிப் பக்கத்துக்காரர். சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரம் பார்த்து வருவார். பேச்சுக்கு ஒருநாள், "தோட்டத்துல என்னங்கண்ணா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணியத்தான் தம்பி வெச்சிருக்கறேன்" என்றார் சிரிக்காமல்.

பருத்தி போட்டால் மழையை நம்ப வேண்டும், ஆளுக்கு அலைய வேண்டும். தண்ணீருக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1990-லிருந்து விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், இறைக்கிற செலவும் உறைக்காது. அவருடைய மோட்டார் எந்த இணைப்பில் ஓடியது என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கிணறு வற்றினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். "நான் நிறுத்துனா பக்கத்துத் தோட்டத்துக்காரன் நிறுத்துவானுங்களா? அடியில ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதான" என்றார். பொருளாதாரப் பாடத்தில் பல பக்கங்களுக்கு இழுத்துச் சொல்வதை அவர் பணத்தை எண்ணிக்கொண்டே சொல்லிவிட்டார்.

உள்ளே வந்த தண்ணீரின் கதை இது. வெளியே போனதுதான் பெரிய கதை.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு போட்டாக வேண்டும். ஆனால் சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகும், உப்பு ஏறக்குறைய முழுசாகத் தண்ணீரிலேயே நின்றுவிடும். சுண்ணாம்பும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) போட்டுச் சுத்திகரித்தால் நிறம் தெளியும், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். பார்க்கத் தெளிவாக இருந்த அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கி, கிழக்கே ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்று சொல்லி 1992-இல் கட்டி முடித்த அணை அது. பாசனம் கிடக்கட்டும், கசிவில் சுற்றுவட்டாரக் கிணறுகளே உப்பேறிப் போயின.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஊர் அந்தப் பக்கம்தான், சென்னிமலைக்குக் கிட்டே. ஒரு தீபாவளிக்குப் போனபோது தோப்பில் தென்னைகள் குருத்துச் சிறுத்து நின்றன. காபிக்குக்கூட வேறு ஊரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். மாமன் மகன் என்னை "சாயத்தண்ணிக்காரரு வந்துட்டாரு" என்று கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அம்மிச்சி மட்டும் சிரிக்கவில்லை. அந்த மார்ச்சில் எங்கள் பட்டறைக்கு நல்ல லாபம் வந்தது. அதில் எத்தனை பங்கு தோப்புக்காரர்கள் பணம் என்று பிரித்து எழுத என் பேரேட்டில் இடம் இல்லை.

கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முழுசாக நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்டவை நின்றன. வெளியூர்ப் பையன்கள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். அவர்களுக்கு நான் கணக்கு முடித்துக் கொடுத்ததை எழுத இப்போதும் பிடிக்கவில்லை. நொய்யலைக் கெடுத்த லாபத்தில் அவர்களுக்கு வந்தது வாரச் சம்பளம் மட்டும்தான்.

அப்புறம் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எங்கள் பட்டறை மறுபடி ஓட ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. இப்போது ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சுகிற உப்புநீரை ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். விறகுச் செலவும் கரண்டு பில்லும் கண்ணைக் கட்டும். முதல் உப்பு மூட்டை வந்த அன்று அதை வரவில் எழுதினேன். காசு கொடுத்து வாங்கிய அதே உப்பைத்தான் அத்தனை வருஷமும் ஆற்றில் கொட்டியிருந்தோம். சுத்திகரிப்புக்கும் தனித் தலைப்பு வந்தது, பேரேட்டிலேயே பெரிய தலைப்பு.

போன வருஷம் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் அந்தக் கிணற்றுக்காரரைப் பார்த்தேன். கிணறு எப்போதோ வற்றி, போர் போட்டு, அதுவும் கைவிட்டதாம். 2024-இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, பவானியின் உபரி நீரைக் குளங்களுக்கு விடுகிறார்களே, அவர் ஊர்க் குளத்துக்கும் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சுங்க தம்பி. போர்ல கொஞ்சம் ஊறுது. பையன் பெரிய மோட்டாரா எறக்கலாமான்னு கேக்கறான்" என்றார்.