ஏறிக்கொண்டே போன ஆயில்

14 ஜூலை 2024, ஞாயிறு

ஆடி பிறக்க மூன்றே நாள். அதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். வந்துவிட்டது. 2020-இல் பதிவான டீசல் எஸ்.யூ.வி. ஏழு சீட், ஒரே ஓனர், மீட்டரில் 46,210 கிலோமீட்டர். பதினொன்றரை லட்சம். ஏழு லட்சம் லோன், மீதி நானும் அவரும் நாலு வருஷமாகச் சேர்த்தது. அவர் ஓசூரிலிருந்து வீடியோ காலில்தான் வண்டியைப் பார்த்தார்.

ஷோரூமிலிருந்து நேராகப் பல்லவன் சாலை, பாடிகாட் முனீஸ்வரன் கோயில். அப்பா முப்பது வருஷம் மாநகரப் பஸ் ஓட்டியவர். வேறு எந்தக் கோயிலையும் பேச்சுக்குக்கூட எடுக்க விடவில்லை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு வந்தோம்.

சாவி கொடுக்கும்போது சேல்ஸ் பையன் பானெட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவிக் காட்டினான். "புது ஆயில் மேடம். சரியா மேல் கோட்டுல நிக்குது பாருங்க. இந்த வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காது." அப்பா ஸ்டிக்கை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் தன் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்: மேல் கோடு.

20 ஜூலை, சனி

மனசு சரியில்லை. ரேடியல் ரோட்டில் கீழ்க்கட்டளை தாண்டியதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு. அடுத்த நிமிஷம் வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டும் பேச்சு மூச்சில்லை. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் பரவாயில்லை. விளக்கு மட்டும் போகவில்லை.

22 ஜூலை, திங்கள்

ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரை மாட்டினார்கள், பத்து நிமிஷத்தில் விளக்கை அணைத்தார்கள். "சென்சார்ல தூசு மேடம், க்ளியர் பண்ணியாச்சு." என்ன எரர் நம்பர் வந்தது என்று கேட்டேன். அதைக் குறித்து வைக்கவில்லையாம். எரர் நம்பரை அழிப்பதும் கோளாறைச் சரிசெய்வதும் ஒன்றா? இனி யார் ஸ்கேனர் மாட்டினாலும் முதலில் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்வேன்.

31 ஜூலை, புதன்

விளக்கு திரும்ப வந்துவிட்டது.

ஒரு வாரமாக இன்னொன்றும் நடக்கிறது. சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தி சாவியை எடுத்த பிறகும் முன்பக்க ஃபேன் பேய்போல ஓடுகிறது. வண்டிக்கு அடியிலிருந்து தகரம் காய்ந்த மாதிரி ஒரு சூட்டு வாசம். மடிப்பாக்கத்திலிருந்து பெருங்குடி ஆபீஸ் ஏழெட்டு கிலோமீட்டர்தான். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை நடப்பதால் முக்கால் மணி நேரம் ஆகிறது. இந்த நெரிசலில் இன்ஜின் சூடாகத்தானே செய்யும் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு அப்பா டார்ச்சோடு இறங்கினார். வண்டி சமதரையில் நின்று ஆறியிருந்தது. ஸ்டிக்கை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, திரும்பச் சொருகி எடுத்தார். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே அரை விரற்கடை ஏறி நின்றது.

"ஊத்தினியா?"

"இல்லப்பா."

மோந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். கெட்டியாக இழுபடவில்லை, தண்ணியாக ஓடியது. சமையலறையிலிருந்து டிஷ்யூ பேப்பர் கொண்டுவரச் சொல்லி ஒரு சொட்டு வைத்தார். நடுவில் கறுப்பு வட்டம் நின்றது. அதைச் சுற்றி, வடை வைத்த பேப்பரில் எண்ணெய் ஊறுவதுபோல வெளிறின வளையம் ஒன்று மெல்ல விரிந்தது.

"ஆயில் குறைஞ்சா எல்லாரும் பயப்படுவான் பாப்பா. ஏறினா எவனும் கேக்க மாட்டான். டீசல் இறங்குது."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பதினேழு நாள்தான் ஆகிறது.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. அம்மா சித்திரான்னம் கிளறிக்கொண்டிருந்தபோதே நானும் அப்பாவும் ஆலந்தூர் கிளம்பிவிட்டோம். அங்கே அப்பாவுக்கு டிப்போ காலத்திலிருந்து பழக்கமான ஒரு பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

பாய் அவசரப்படவில்லை. முதலில் என் ஓட்டத்தைக் கேட்டார். எங்கே போகிறேன், எவ்வளவு நேரம், எப்போது அணைக்கிறேன். அப்புறம்தான் ஸ்கேனர். பி2463, கரி ஃபில்டரில் கரி மிஞ்சிவிட்டது. பி0299, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவிலிருந்து காற்று அழுத்தம் போதவில்லை. இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 புகை விதிப்படியான டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்ற கரி ஃபில்டர் இருக்கிறது. புகையில் வரும் கரி அதில் தங்கும். நிறைந்ததும் வண்டி தானே அதை எரித்துவிடும். அதற்கு ஃபில்டருக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, வழக்கமாகத் தெளிக்கும் டீசலோடு பிஸ்டன் கீழே இறங்கிய பிறகும் கொஞ்சம் டீசல் தெளிக்கும். அது புகையோடு போய் எரிய வேண்டும். பதினைந்து இருபது நிமிஷம் நிற்காமல், ஓரளவு வேகத்தில் ஓடினால் வேலை முடிந்துவிடும். நடுவில் வண்டியை அணைத்துவிட்டால் கரி அப்படியே நிற்கும், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். நான் சாவியை எடுத்த பிறகு ஓடிய அந்த ஃபேன், பாதியில் நின்ற எரிப்பின் ஃபேன்.

ஆயில் நீர்த்துப் போனால் முதலில் அடி வாங்குவது பேரிங்கும் டர்போவும். மிஞ்சிப் போனால் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி, சாவியை எடுத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும். அப்பா இதைப் பஸ்ஸில் ஒருமுறை பார்த்திருக்கிறாராம். சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

"சிட்டி ஓட்டம் ஒரு காரணம்மா. ஆனா இவ்ளோ சீக்கிரம் நிறையாது. கரி எங்கேயோ அதிகமா உண்டாகுது. வண்டிய விட்டுட்டுப் போ."

ஒர்க்‌ஷாப்பில் இதே விளக்கோடு இன்னும் இரண்டு வண்டிகள் நின்றன, வேறு வேறு கம்பெனி. ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விட்டுக் கூட்டிவர மட்டும் ஓடுவது. இன்னொன்று ஒரு டாக்டரம்மாவுடையது, வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மூன்று கிலோமீட்டர். அவரிடம் யாரோ ஃபில்டரையே அறுத்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம் என்றார்களாம். பாய் முகத்துக்கு நேராகவே மறுத்துவிட்டார். அது சட்டவிரோதம், அதோடு அந்தக் கரி முழுக்க ரோட்டில் நிற்கிற பிள்ளைகள் மூக்கில்தான் போகும் என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே வண்டியை அவரிடம் நம்பி விட்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

மதியம் பாய் போன். "உடனே வாம்மா, கையால தொடாம வெச்சிருக்கேன்."

ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். லிஃப்டில் வண்டி. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகிற தடித்த ரப்பர் ஹோஸ். மேலேயிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. அடியில் விளக்கைக் காட்டினார். கறுப்பு டேப் நாலைந்து சுற்று. டேப் தெரியாமலிருக்க அதன்மேல் கிரீஸைப் பூசி, மண்ணையும் அப்பியிருக்கிறார்கள். நகத்தால் நெம்பினார். வழவழவென்று பிரிந்துவந்த டேப்புக்குக் கீழே கட்டைவிரல் நீளத்துக்கு வெடிப்பு. ஹோஸைக் கையால் வளைத்தால்தான் வாய் திறக்கிறது. டர்போ அழுத்தும்போது காற்று அந்த வழியாகப் போய்விடும். உள்ளே காற்று குறைகிறது, டீசல் அளவு அப்படியே இருக்கிறது, முழுசாக எரியாமல் கரி. அந்தக் கரியை ஃபில்டர் பிடித்துக்கொள்வதால் சைலன்சரில் புகையும் தெரியாது. வாங்கும்போது நாங்கள் சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டை பிடித்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது.

ஹோஸ் வெடிப்பது சகஜம். ரப்பர்தானே, சென்னைச் சூட்டில் நாலு வருஷம். பழைய வண்டி வாங்குகிறவள் இதற்கெல்லாம் தயாராகத்தான் இருக்க வேண்டும், நானும் இருந்தேன். ஆனால் டேப் தானாகச் சுற்றிக்கொள்ளாது. ஒரு மனுஷன் வண்டிக்கு அடியில் படுத்து, வெடிப்பைப் பார்த்து, சுற்றி, கிரீஸ் பூசி, மண்ணும் தடவியிருக்கிறான். அந்தக் கையை நினைத்தால் இப்போது எழுதும்போதும் பதறுகிறது.

டேப்பை ஜிப் கவரில் போட்டு வாங்கிக்கொண்டேன். வீடியோவும் எடுத்தேன்.

8 ஆகஸ்ட், வியாழன்

ஹோஸ் புதிதாகவே போடச் சொன்னார் பாய். ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். புதுப்பேட்டையில் பாதி விலைக்குப் பழையது கிடைக்கும், வேண்டாம் என்றுவிட்டார்.

ஆயிலை என் கண் முன்னால் கேனில் வடித்தார். இந்த இன்ஜினுக்கு ஊற்ற வேண்டியது ஆறரை லிட்டர். வடிந்தது ஏழேகால். புது ஆயில், சாம்பல் குறைவாக விடுகிற ரகம். டப்பாவில் சி3 என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கரி எரிந்துபோகும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். ஷோரூம்காரர்கள் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்பதற்கு பில்லே இல்லை.

10 ஆகஸ்ட், சனி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. ரோடு. நான் ஓட்ட, பாய் பக்கத்தில் ஸ்கேனரோடு, அப்பா பின்னால். வண்டலூர் தாண்டியதும் எழுபது, எண்பதில் நிதானமாகப் போகச் சொன்னார். திரையில் ஃபில்டர் சூடு 300, 420, 550 என்று ஏறியது. பரனூர் டோலுக்கு முன்பே 600-ஐத் தொட்டது. கரி 84 சதவீதத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. 60, 41, 22. நான் ரோட்டைப் பார்க்க, அப்பா ஒவ்வொரு எண்ணையும் கிளாஸ் ரிசல்ட் மாதிரி வாய்விட்டுப் படித்தார்.

செங்கல்பட்டுக்கு அருகே டீ குடிக்க ஓரங்கட்டப் போனேன். "புல்லு மேல நிறுத்தாதம்மா!" என்று பாய் கத்தினார். அடியில் அவ்வளவு சூடு, காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். சிமெண்ட் தரை பார்த்து நிறுத்தினேன்.

திரும்பும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே வண்டி பாய்ந்தது. ஒரு மாதம் ஓட்டியும் இந்த வண்டியின் பலத்தை நான் பார்த்ததே இல்லை.

14 ஆகஸ்ட், புதன்

ஆர்.சி.யில் பழைய ஓனரின் விலாசம் ஆதம்பாக்கம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர், ரிட்டயர்டு. வாசலில் வண்டியைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்தார். வண்டி சம்பந்தப்பட்ட அத்தனை காகிதமும் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. கடைசி ஜாப் கார்டில், "பிக்கப் குறைவு, ஃபில்டர் லைட், டர்போ ஹோஸ் மாற்ற வேண்டும்."

"நான் மாத்தலம்மா. விக்கத்தானே போறோம்னு விட்டுட்டேன். ஆனா அவங்ககிட்ட சொல்லித்தான் வித்தேன். அதுக்குன்னே நாப்பதாயிரம் குறைச்சாங்க."

ஷோரூம்காரர்கள் எழுதிக்கொடுத்த விலைச் சீட்டிலும் அது இருந்தது: ஹோஸ், ஃபில்டருக்காகக் கழித்தது, 40,000. ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே கையில் கொடுத்தார். வாசல் வரை வந்தவர் வண்டியின் பானெட்டை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

நோய்க்கென்று ஒரு கிழவரிடம் காசைப் பிடித்துக்கொண்டு, அந்த நோயை மூடி என்னிடம் முழு விலைக்கு விற்றிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

19 ஆகஸ்ட், திங்கள்

ஷோரூம். மேனேஜர், "சார் வந்தா பேசலாமே மேடம்" என்றார். வண்டி என் பெயரில், லோன் என் சம்பளத்தில், பேசப்போவதும் நான்தான் என்று சொல்லிவிட்டு, டேப் இருந்த கவரையும் விலைச் சீட்டையும் மேஜைமேல் வைத்தேன். பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது என்றார். நான் கேரண்டி கேட்கவில்லை, தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

எழுத்தில் கொடுத்துவிட்டு, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். சீல் போட அரை மணி நேரம் நின்றேன்.

29 ஆகஸ்ட், வியாழன்

பத்து நாள் கழித்து போன். ஹோஸ், ஆயில், பாய் கூலி எல்லாம் சேர்த்து 21,600 தருகிறோம், இத்தோடு பிரச்சினை முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். நீர்த்த ஆயிலில் ஓடிய டர்போவும் பேரிங்கும் ஆறு மாதத்தில் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருஷத்துக்கு இன்ஜினுக்குப் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். முடியாதாம். நானும் முடியாது என்றுவிட்டேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம், நான் வசிக்கிற இடத்திலேயே போடலாம். கொடுத்த விலை பத்து லட்சத்துக்கு மேல், இருபதுக்குள். அதனால் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் பிள்ளைகளின் படிப்பு மேஜையில் உட்கார்ந்து மனுவை நானே எழுதுகிறேன்.

7 செப்டம்பர், சனி

பிள்ளையார் சதுர்த்தி. மனு நேற்று ராத்திரி ஆன்லைனில் ஏறிவிட்டது. டேப், வீடியோ, ஜாப் கார்டு, விலைச் சீட்டு, பாய் கைப்பட எழுதிய ரிப்போர்ட், ஏழேகால் லிட்டர் கேனின் போட்டோ, எல்லாம் இணைப்பில்.

இப்போது வாரத்துக்கு ஒருநாள் விடியற்காலையில் வண்டலூர் தாண்டிப் போய்த் திரும்புகிறேன். சாயங்காலம் ஃபேன் ஓடினால் அணைக்காமல் இன்னொரு ரவுண்டு அடித்துவிட்டு வருகிறேன்.

கொழுக்கட்டை வேகிற நேரத்தில் அப்பா ஸ்டிக்கை எடுத்தார். ஆகஸ்ட் 10-லிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டில் ஒரே வார்த்தைதான்: மேல் கோடு. துடைத்து மோந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் பெரியவளிடம் நீட்டினார். "நீயும் மோந்து பாரு கண்ணு. ஆயில் வாசம் மட்டும்தான் வரணும்." அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு மோந்து பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி நோட்டில் இன்றைய தேதியைத் தானே எழுதினாள்.