கொறங்காட்டு ஓரமா ஒரு 20 நிமிஷம்

எங்க வீட்ல ஆறு மாடு, நாலு ஜெர்சி கிராஸ், ரெண்டு காங்கேயம். காலைல பால் பீச்சி முடிச்சதும் கொறங்காட்டுக்கு, அதான் வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்கு, ஓட்டி விட்டா சாயங்காலந்தான் திரும்பும். பால் சொசைட்டில ஃபேட் எவ்ளோ, எஸ்என்எஃப் (கொழுப்பு போக மிச்ச சத்து) எவ்ளோன்னு பாத்துச் சொல்லிடறாங்க, ஆனா மாடு மனசு எப்படி இருக்குன்னு யாரு பாக்கறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல்.

அப்பதான் ஸ்காட்லாந்துல பிரான்சுவாஸ் வெமல்ஸ்ஃபெல்டர்ங்கற விஞ்ஞானி கொண்டுவந்த முறையப் பத்தி படிச்சேன், பண்ணை விலங்குங்க நல்லா இருக்கான்னு பாக்கற ஐரோப்பாவோட வெல்ஃபேர் குவாலிட்டி மதிப்பீட்டுலயும் அது இருக்கு. மெஷின் எதுவும் வேண்டாம். 20 நிமிஷம் மந்தைய சும்மா பாத்துட்டு அப்புறம் மார்க் போடணும். நிம்மதி, பயம், எரிச்சல், சலிப்பு, விளையாட்டுன்னு 20 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் 125 மில்லிமீட்டர்ல ஒரு கோடு, இடது முனைன்னா அது துளியும் இல்ல, வலது முனைன்னா மந்தை பூராவும் அதேதான்.

ஞாயித்துக்கிழமை கிளுவை வேலிக்கு வெளிய உக்காந்து பாத்தேன். என்னப் பாத்ததும் பெரிய காங்கேயம் தலையத் தூக்கி காத முன்னால நீட்டிட்டு அப்படியே நின்னுச்சு, நான் பயம்ங்கற கோட்டுல நல்லா வலது பக்கமா குறிச்சிட்டேன். அம்மா வந்து பாத்துட்டு "அது பயமில்ல கண்ணு, ஆருன்னு பாக்குது, மெரண்டுச்சுன்னா கண்ணுல வெள்ள முழி தெரியும்"னாங்க. நார்வேல 2002ல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, தீனி கெடைக்காம தவிக்கிற மாட்டுக்கு கண்ணுல வெள்ளை அதிகமா தெரியுதுன்னு. அம்மா சொன்னதுக்கு அது ரொம்ப பக்கத்துல இருக்கு. கோட்ட அழிச்சிட்டு திரும்ப போட்டேன்.

மழை பேஞ்ச மறுநாள் ஈத்தொல்லைல எல்லாமே வால வீசிட்டே இருந்துச்சுங்க, எரிச்சலுக்கு நல்லா மார்க் விழுந்துச்சு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

எனக்கு இடிச்சது வேற. கன்னுக்குட்டிய போன வாரம் குடுத்துட்டோம், அதோட தாய் மேயவே இல்ல, வேலிக் கடவுகிட்ட நின்னு வீட்டுத் தடத்தையே பாத்துட்டு இருந்துச்சு. மந்தைக்குன்னு மொத்தமா மார்க் போட்டா "நிம்மதி" நல்லாத்தான் வருது, ஏன்னா மத்த அஞ்சும் வெள்வேல மரத்தடில படுத்து அசை போடுது. அந்த ஒண்ணோட தவிப்பு கணக்குலயே வரல. அதனால அவளுக்கு மட்டும் தனியா ஒரு கோடு போட ஆரம்பிச்சேன், இது அந்த முறைல இல்ல, எனக்கு வேணும்.

இந்த மேய்ச்சலே எதுக்கு, கட்டுத்தறிலயே தீனி போட்டா பால் கூடும்னு சொல்றவங்க நெறைய. கனடால பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல கனம் ஏத்துன கதவ வெச்சு பாத்திருக்காங்க, 2017ல வந்துச்சு, புதுத் தீனிக்கு எவ்ளோ முட்டித் தள்ளுச்சோ மேய்ச்சலுக்குப் போகவும் அவ்ளோ தள்ளிருக்கு மாடுங்க. நான் ஓட்டி விடறத நிறுத்தப் போறதில்ல.

இன்னைக்கு காலைல அவ கடவுகிட்ட கொஞ்ச நேரந்தான் நின்னா, அப்புறம் கொழுக்கட்டப்புல்லு பக்கம் போயிட்டா.