திருவிடைமருதூரில் பிறந்த மிதவாதி

கும்பகோணம் நீதிமன்றத்தில் நான் ஜூனியராகச் சேர்ந்த காலத்தில், எதிர்த்தரப்பை அதட்டிப் பேசுகிறவரே கெட்டிக்கார வக்கீல் என்றும், சமாதானத்துக்கு வழி தேடுகிறவர் துணிவில்லாதவர் என்றும் கட்சிக்காரர்கள் பலர் நினைப்பதைக் கண்டேன். அரசியலில் 'மிதவாதி' என்ற சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. ஆங்கிலேய ஆட்சியோடு மோதாமல், சட்ட வழியில் படிப்படியாகச் சீர்திருத்தம் தேடிய காங்கிரஸ்காரர்களை அப்படி அழைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அவர்களில் ஒருவரான வி. கிருஷ்ணசாமி ஐயரின் நினைவு எனக்கு வரும்.

எங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் உள்ள திருவிடைமருதூரில் 1863-இல் பிறந்த அவர், கும்பகோணத்திலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பெரும் பெயர் பெற்றார். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெரிய ஆங்கிலேய நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தபோது, அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். கடன் கொடுத்தவர்களின் பக்கம் நின்று வாதாடிய கிருஷ்ணசாமி ஐயர், வழக்கோடு தம் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. இந்தியர்களின் சேமிப்பு இந்தியர்களின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று முனைந்து, நகரத்தார் பெருமக்களையும் சேர்த்துக்கொண்டு, 1907-இல் இந்தியன் வங்கி தோன்றக் காரணமானார். கூட்டம் போட்டுச் சுதேசியம் பேசியவர்களின் பணிக்கு இது எந்த விதத்தில் குறைந்தது?

அதே ஆண்டில் நடந்த இன்னொரு செயலை அவருடைய வாழ்க்கையிலேயே மிகப் பெரியதாக நான் கருதுகிறேன். பாரதி அப்போது மிதவாதிகளை எதிர்த்த தீவிர அணியின் தலைவர் திலகரின் பக்கம். 'இந்தியா' இதழில் மிதவாதிகளைக் கடுமையாகச் சாடிக்கொண்டிருந்தார். அவரைக் கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துச் சென்றவர் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன். தம் அணியைத் தாக்கி எழுதுகிறவர் என்று தெரிந்தும் பாடல்களைக் கேட்டு நெகிழ்ந்த ஐயர், அவற்றில் மூன்றைத் தம் செலவில் பதினைந்தாயிரம் பிரதிகள் அச்சிடச் செய்து இலவசமாக வழங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது இருவரும் எதிரெதிர் அணிகளில்தான் இருந்தார்கள். கொள்கையை விட்டுக்கொடுக்காமல் எதிரணிக் கவிஞனின் தமிழுக்குத் தலைவணங்கிய அந்த மனத்தை, துணிவில்லாத மனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மயிலாப்பூரில் அவர் நிறுவிய சமஸ்கிருதக் கல்லூரியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1909-இல் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1911-இல் சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். இந்தக் கடைசிப் பதவியை மட்டும் என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. பாரதி கைதுக்குத் தப்பிப் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த காலம் அது. அவரைப் போலீஸார் கண்காணித்துக்கொண்டிருந்ததும் அதே அரசின் கீழ்தான். உள்ளே இருந்தால் சிலவற்றைத் திருத்தலாம் என்று ஐயர் நம்பியிருக்கக்கூடும். மிதவாதிகள் எல்லோரும் கொண்டிருந்த நம்பிக்கைதான் அது. அதைச் சோதித்துப் பார்க்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. பதவியேற்ற அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 28 அன்று, தம் நாற்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார்.